இழுத்தால் இறுகும் கை

“அவருக்கு உதவி செய்றத முதல்ல நிப்பாட்டுங்க, அக்கா.”

“ஏலாத மனிசனுக்கு உதவி செய்யாம வேற என்ன செய்யச் செல்றீங்க, மிஸ்?”

“எதிர்த்து நில்லுங்க. அவர் மேல தூக்கினா நீங்க கீழ அமத்துங்க. அவர் இழுத்தா நீங்களும் இழுங்க.”

“அல்லாவே. கட்டின மாப்பிள்ளையோட மல்லுக்கு நிக்கவா?”

“சரி, மல்லுத்தான். ஆனா நீங்க வெல்லக் கூடாது. அவ்வளவுதான்.”

சோழகக் காற்று தொடங்கியிருந்த ஒரு காலையில், ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில், வாதம் வந்தவர்களின் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற டொறத்தி மிஸ் சொன்னது இது. பிறகு வந்த மாதங்களில் அந்தப் பேச்சை நினைக்கும்போதெல்லாம் ஸக்கியாவுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு வந்தது கோபம். தன் மாப்பிள்ளையை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று கண்டக்குழி ஊர் முழுக்கச் சொல்லும். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். சாரத்தை அவளே கட்டிவிட்டாள். செத்துப் போன வலக்கை தொங்கக் கூடாது என்று பழைய சால்வையால் அதை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்தாள். அப்படிப் பார்த்துக்கொண்டவளிடம், சிலாபத்துப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற இந்தச் சின்னப் பெண், உதவியை நிறுத்தச் சொல்கிறாள்.

டொறத்தி மிஸ் அந்தச் சால்வையைத்தான் முதலில் அவிழ்த்தாள்.

“இது கையா, கட்டி வச்ச கோழியா?” என்றாள். கட்டிலில் கிடந்த லத்தீப் கோணிய வாயால் சிரித்தார். மூன்று நாலு கிழமையாக அவர் சிரித்து ஸக்கியா பார்த்ததில்லை.

லத்தீப் கரைவலையில் மன்னாடி. வலையை இழுக்கிற இரண்டு வரிசை ஆட்களுக்கும் நடுவே கடலைப் பார்த்து நின்று, எந்தப் பக்கம் இறுக்க வேண்டும், எந்தப் பக்கம் தளர வேண்டும் என்று கட்டளை போடுகிற ஆள். மீன்பாடு முடிகிற காலத்தில் ஒரு காலை, கட்டளை போட்டுக்கொண்டிருந்தவரின் வாய் நடுவிலே குழறியது. ஆட்கள் பகிடி என்று நினைத்தார்கள். அவர் மணலில் வலப்பக்கமாகச் சாய்ந்த பிறகுதான் வடத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பாரிசவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. கால், தடி ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது. கை மட்டும் வரவில்லை.

“நானா, இந்தக் கை உங்களுக்கு என்னத்துக்கு வேணும்?” என்று டொறத்தி மிஸ் லத்தீப்பை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். “சோறு தின்னவா, வல இழுக்கவா? அதச் சொன்னாத்தான் நான் எங்க தொடங்குற எண்டு பாக்கலாம்.”

லத்தீப் சுவரைப் பார்த்தார். “ஒண்டுக்குமில்ல, மிஸ்.”

ஸக்கியாவுக்குத் தெரியும். அவர்களின் ஒரே மகள் றிஸ்னாவுக்கு வண்ணாத்திவில்லு ஊரைச் சேர்ந்த அஃப்ராஸோடு கல்யாணம் பேசி முடித்திருந்தது. நிக்காஹ் சபையில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலக்கையைத் தன் வலக்கையால் பிடித்து, ‘என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன்’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பள்ளிவாசல் லெப்பை ஆஸ்பத்திரிக்கு வந்து, “வாயால செல்ற சொல்லுத்தான் முக்கியம், லத்தீப். கை ஒரு வழக்கம். ஏலாட்டி இடக்கையால புடிச்சாலும் குத்தமில்ல” என்று ஆறுதல் சொன்னார். லத்தீப் கேட்கவில்லை. இடக்கையால் ஒரு பிடி சோறுகூட யாருக்கும் கொடுத்திராத மனிதர், இடக்கையால் மகளைக் கொடுப்பாரா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே மூத்த சகோதரர் அத்தாஉல்லாவைக் கூப்பிட்டு, “காக்கா, எம் புள்ளய நீங்க நிண்டு குடுங்க” என்று அழுதார். அத்தாஉல்லாவும் அழுதுகொண்டே சரி என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை லத்தீப் எடுக்கவில்லை. ஆனால் இரவில் இடக்கையால் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். விட்டதும் அவை விரிந்துவிடும். மறுபடியும் மடக்குவார்.

“கைப்பிடிக்கு மிஸ்” என்றாள் ஸக்கியா, தாழ்ந்த குரலில். “ஒரு மனிசன்ட கைய இறுக்கிப் புடிக்க.”

டொறத்தி மிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். கட்டிலின் வலப்பக்கத்தில், நேராக நிற்காமல் சற்றுச் சாய்வாக, முன்காலை ஊன்றி நின்றாள். லத்தீப்பின் கையை மேலே, வெளிப்பக்கமாகத் தூக்கி விரித்தாள். தன் விரல்களை அவர் உள்ளங்கைக்குள் வைத்தாள்.

“உடம்பு ஒண்டும் நேர்கோட்டுல வேல செய்றல்ல, அக்கா. சாய்வாத்தான் போகும், முறுக்கித்தான் போகும். வடம் இழுக்குறப்போ கை எப்பிடிப் போகுது? மேலயிருந்து குறுக்கால இடுப்புக்கு வருது. வாற வழியில விரல் மூடுது. அதே வழியில கூட்டிட்டுப் போனா மறந்த கைக்கும் ஞாபகம் வரும். நானா, கண்ண என்னில வைக்காதீங்க. கையப் பாருங்க. கண் போற பக்கம் கை போகும்.”

சட்டென்று அந்தக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்து விரித்தாள், தூண்டில் கயிற்றைச் சுண்டுகிற மாதிரி. அதே கணத்தில் அறை அதிரச் சத்தம் போட்டாள்.

“புடிங்க! இழுங்க கீழ! விடாதீங்க, இழுங்க!”

ஸக்கியா திடுக்கிட்டுப் போனாள். அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று எழும்பி உட்கார்ந்தார். லத்தீப்பின் தோளில் ஒரு துடிப்பு ஓடியது. கை ஒரு சாண் அளவுக்குக் கீழே வந்தது. தானாக விழவில்லை. வந்தது. டொறத்தி மிஸ் அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே வந்ததை ஸக்கியா கண்ணால் கண்டாள்.

“பாத்தீங்களா? நீங்க தூக்கிவிட்டா தச சும்மா இரிக்கும். எதிர்ப்பு வந்தாத்தான் இஞ்ச வேல இரிக்கு எண்டு மூளைக்குச் சேதி போகும். மூளைக்கும் தசைக்கும் நடுவுல கதை அறுந்து போய்க் கிடக்கு, அதத்தான் திரும்பக் கட்டுறோம். இப்ப நீங்க செய்யுங்க.”

ஸக்கியா சாய்வாக நின்றாள். விரல்களை வைத்தாள். “புடிங்க… இழுங்க…” என்றாள்.

“அக்கா, இது தாலாட்டு. மனிசன் நித்திர கொண்டுருவார். இளக வேணுமெண்டா மெதுவாச் சொல்லலாம். வேல செய்ய வேணுமெண்டா சத்தம் வேணும்.”

ஸக்கியாவுக்குச் சத்தம் இல்லை. மன்னார் முஸ்லிம்கள் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினாறு வயது. கிடுகுக் கொட்டில்கள் நெருக்கமாக நின்ற அகதி முகாமில் அவளுடைய உம்மா சொன்னது ஒன்றுதான்: நாம வந்த ஆக்கள், நம்ம சத்தம் வேலிக்கு வெளிய போகப் படாது. அந்த முகாமிலிருந்து லத்தீப் அவளைக் கட்டிக்கொண்டு வந்தார். கண்டக்குழியில் இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அவள் கோழியை விரட்டுவதென்றாலும் கையைத்தான் தட்டுவாள். சண்டை முடிந்து அவளுடைய ஆட்கள் சிலர் மன்னாருக்குத் திரும்பியும் போய்விட்டார்கள். அவள் இந்த ஊர்க்காரியாகி விட்டாள். குரல் மட்டும் வந்து இறங்கிய நாளிலேயே நின்றிருந்தது.

வீட்டில் முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. விடியப் பாணும் சம்பலும் தின்ற பிறகு முற்றத்துப் பூவரசின் கீழே லத்தீப்பைக் கதிரையில் இருத்துவாள். கையைத் தூக்கி விரிப்பாள். காதுக்குள் ஓதுகிற மாதிரிச் சொல்வாள். கை வராது. பாதி வழியில் மனம் கேட்காமல் அவளே கையைக் கீழே கொண்டுவந்து விடுவாள்.

“நீ கொண்டு வாறாய்” என்பார் லத்தீப்.

“இல்ல, நீங்கதான் கொண்டு வந்தீங்க.”

“பொய் செல்லாத. நான் மன்னாடி. எந்தப் பக்கம் ஆள் இழுக்குறான், எந்தப் பக்கம் சும்மா வடத்தத் தொட்டுக்கிட்டு நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியாதா?”

ஒரு நாள் காற்று பலமாக இருந்தது. கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் ஓடுகிற காலம். கருவாட்டுத் தட்டில் விரித்திருந்த சாளை மீனின் மேலே போட்ட வலையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. ஸக்கியா அதன் பின்னால் ஓடி, கள்ளி முள்ளில் காலைக் கிழித்துக்கொண்டு, வலையோடு திரும்பி வந்தாள். லத்தீப் கதிரையில் கண்ணை மூடியபடி, “இண்டைக்கு வேணாம் ஸக்கியா. இது என்னத்துக்கு? காக்காதானே குடுக்கப் போறார்” என்றார்.

அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. வலையை எறிந்துவிட்டு வந்து கையைப் பிடித்து மேலே விரித்தாள்.

“புடிங்க! இழுங்க! கண்ணத் தொறந்து கையப் பாருங்க! ஊரெல்லாம் இழுக்க வச்ச மனிசனுக்கு இது ஏலாதா? இழுங்கண்டு செல்றன்!”

கை வந்தது. குறுக்காக, முறுக்கிக்கொண்டு, நெஞ்சு வரைக்கும் வந்தது. அவள் எதிர்த்து இழுத்தும் வந்தது. லத்தீப் கையைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி மனைவியைப் பார்த்தார்.

“இந்தச் சத்தத்த இவ்வளவு காலம் எங்க வச்சிருந்தாய்?”

“கையப் பாருங்க!” என்றாள் ஸக்கியா.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பளீலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சுளகு அப்படியே நின்றது. அடுத்த நாளும் நின்றது. அதற்கடுத்த நாள் பளீலா சுளகோடு வேலிக்குப் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கிழமை முடிவதற்குள் லத்தீப்பின் மூத்த சகோதரி மைமூனா ராத்தா, கறுப்பு அபாயாவும் குடையுமாக வாசலில் வந்து நின்றாள்.

“வாங்க மதினி, இரிங்க” என்றாள் ஸக்கியா.

“இரிக்க வரல்ல. எண்ட தம்பிக்கு இந்த வீட்டுல விடிஞ்சாப் போதும் அடி உதையாம். கடக்கரையில ஆம்புளயள் கதைக்கிறாங்க. ஏலாத மனிசன்ட கைய முறுக்குறாளாம். நாங்க ஒரு நாள் அவன்ட முன்னால சத்தம் வச்சதில்ல. அகதியா வந்த நேரம் வாயே இல்லாத புள்ளையா இருந்தாய்.”

“இப்ப வாய் தேவப்படுது, மதினி.”

“பாருடா லத்தீபு, பதிலுக்குப் பதில்.”

லத்தீப் இடக்கையால் தடியைத் தரையில் தட்டினார். “ராத்தா, சத்தம் போடாதீங்க. அவ வேலைக்கு நேரமாச்சு. நின்டு பாத்துட்டுப் போங்க.”

மைமூனா நின்று பார்த்தாள். குடையை மடக்க மறந்து பார்த்தாள். போகும்போது ஸக்கியாவின் தோளைத் தொட்டு, “தொண்டைக்கு இஞ்சிப் பிளேன் டீ குடி. கட்டிப் போயிரும்” என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்விடவில்லை. தம்பியின் கை வருகிறது என்று கேள்விப்பட்ட அத்தாஉல்லா, ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிப்போன தன் கைகளோடு வந்து, “நகரு புள்ள, எதிர்க்கத்தானே வேணும்? நான் எதிர்க்கிறன்” என்று உட்கார்ந்தார். பாசத்தில் முழுப் பலத்தையும் போட்டார். லத்தீப்பின் தோள் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இருவரையும் ஸக்கியா கூட்டிக்கொண்டு போனாள்.

“நீங்க வெண்டுட்டீங்க, பெரிய நானா” என்றாள் டொறத்தி மிஸ்.

“ஓம்” என்றார் அத்தாஉல்லா கொஞ்சம் பெருமையாக.

“அதுதான் பிழை. அசைய விடாத எதிர்ப்பு அடைச்ச கதவு மாதிரி. அவர் தள்ளத் தள்ளத் திறக்கிற கதவா நீங்க இரிக்கணும். கொஞ்சம் பாரமான கதவு, அவ்வளவுதான். தோள் ஆறும் வரைக்கும் வலக்கையத் தொடாதீங்க. இடக்கையில செய்வோம்.”

“நல்ல கையில செஞ்சு என்ன பிரயோசனம், மிஸ்?” என்றாள் ஸக்கியா.

“பாலாவியில உப்பளம் பாத்திருப்பீங்க. ஒரு பாத்தியில தண்ணி நிரம்பினா அடுத்த பாத்திக்கு வழியுமே. பலமான பக்கத்துக்கு நல்லா எதிர்ப்புக் குடுத்தா, அங்க நிரம்புற வேகம் மத்தப் பக்கத்துக்கும் வழியும்.”

அவள் லத்தீப்பின் இடக்கையைப் பிடித்து, பலமாக, ஆனால் வருகிற அளவுக்கு விட்டு விட்டு எதிர்த்தாள். மடியில் யாரும் தொடாமல் கிடந்த வலக்கையின் விரல்கள், கணவாய் மீன் சுருங்குகிற மாதிரி மெல்ல உள்ளே சுருண்டன. அத்தாஉல்லா கதிரையை விட்டு எழும்பி, “யா அல்லாஹ்” என்று தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

தோள் ஆறியது. சோழகம் ஓய்ந்து, வாடைக் காற்று எட்டிப் பார்க்கிற காலத்தில் லத்தீப்பின் கை இடுப்பு வரைக்கும் வந்தது. விரல்கள் மூடின. ஸக்கியா இழுத்தால் அவள் கையை விடுவிக்க முடியாத அளவுக்கு மூடின. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. இழுத்தால்தான் கை இறுகும். மேசையில் இருக்கிற கோப்பையைப் பிடிக்கச் சொன்னால் விரல்கள் சும்மா கிடக்கும். றிஸ்னா சலாம் சொல்லி மெல்லக் கை கொடுத்தால் அந்தக் கை வெறுந் துணியாகக் கிடக்கும்.

“எதிராளி இல்லாட்டி இந்தக் கைக்கு வேல தெரியாது” என்றார் லத்தீப் கசப்போடு. “சபையில மாப்பிள்ளையோட மல்லுக்கட்டவா ஏலும்?”

“கோப்பைக்கு இன்னும் காலம் எடுக்கும்” என்று டொறத்தி மிஸ் மறைக்காமல் சொன்னாள். “இப்போதைக்கு இழுக்க ஒரு ஆள் இருந்தாப் போதும்.”

அத்தாஉல்லா அதற்குள் நிக்காஹ்வுக்கு வெள்ளைச் சட்டை தைத்துவிட்டார். கைப்பிடித்துச் சொல்ல வேண்டிய வசனத்தை ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உரத்துச் சொல்லிப் பழகுகிறார் என்று பளீலா வேலிக்கு மேலால் செய்தி சொன்னாள். ஒரு முறை லத்தீப் அவரிடம் ஏதோ கேட்க வாய் எடுத்தார். அத்தாஉல்லா முந்திக்கொண்டு, “கவலப்படாத தம்பி, ஒரு எழுத்துப் பிசகாம செல்லிருவன்” என்றார். அழுது கேட்டு ஒப்படைத்த மரியாதையை மூத்தவரிடமிருந்து எந்த வாயால் திருப்பிக் கேட்பது?

“கேளுங்களே” என்றாள் ஸக்கியா அன்றைக்கு, கஞ்சிக் கோப்பையை அவர் இடக்கையில் கொடுத்து.

“கேட்டு, அவரும் சரியெண்டு செல்லி, சபையில கை விரிஞ்சு கிடந்தா? ரெண்டு பேருக்கும் மரியாத போயிரும். விடு.”

நாள் குறிக்க வண்ணாத்திவில்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். றிஸ்னாவின் மாமியார்க்காரி தங்கள் தோட்டத்துக் கஜு முந்திரி ஒரு பை கொண்டு வந்தாள். முன் அறையில் ஆண்கள், லெப்பையும் அத்தாஉல்லாவும் நடுவில். உள் அறையில் பெண்கள். நடுவே பூப்போட்ட திரை. ஸக்கியா விடியலிலிருந்தே சமைத்திருந்தாள். நெய்ச்சோறு, கோழிக்கறி, கட்டா மீன் பொரியல், வட்டலப்பம். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், திரையின் ஓரத்தால் ஒரு கண்ணை வெளியே வைத்திருந்தாள்.

அஃப்ராஸ் மெலிந்த, நல்ல பையன். மாமனார் முன்னால் குனிந்து, “அஸ்ஸலாமு அலைக்கும், மாமா” என்று இரண்டு கையையும் நீட்டினான். லத்தீப் வலக்கையை மடியிலிருந்து தூக்கினார். சாய்வாகத் தூக்கினார். அதைக் கண்டு லெப்பை பேச்சை நிறுத்தினார். அஃப்ராஸ் அந்தக் கையை, முட்டையை ஏந்துகிற மாதிரி, மரியாதையாகவும் மெதுவாகவும் தாங்கிக்கொண்டான். விரல்கள் அசையவில்லை. அவன் முகத்தில் இரக்கம் வந்தது. லத்தீப் அந்த இரக்கத்தைக் கண்டார். அவர் தலை மெல்லக் கவிழ்ந்ததை ஸக்கியா கண்டாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். மைமூனாவும் இருந்தாள்.

“மருமகன்!” என்றாள் ஸக்கியா. திரை ஆடியது. “அந்தக் கைய ஏந்தாதீங்க. இழுங்க!”

மாமியார்க்காரியின் வாயில் பாதி கஜு நின்றது.

“என்ன மாமி?” என்றான் அஃப்ராஸ் திரையைப் பார்த்து.

“மாமாட கையிலயிருந்து உங்கட கைய உருவிப் பாருங்க. மெதுவா இல்ல. மேல, அந்தப் பக்கமா இழுங்க!”

அஃப்ராஸ் லெப்பையைப் பார்த்தான். லெப்பை அத்தாஉல்லாவைப் பார்த்தார். உள்ளே மைமூனா எழும்பி நின்று, “என்னத்த முழிச்சிக்கிட்டு இரிக்காங்க எல்லாரும்? இழுக்கச் செல்லுங்க அந்தப் புள்ளைய!” என்றாள்.

அவன் இழுத்தான்.

“புடிங்க!” ஸக்கியாவின் குரல் திரையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வேலியைத் தாண்டிப் போனது. “கையப் பாருங்க! இறுக்குங்க! இழுங்க உங்கட பக்கம்!”

லத்தீப் தலையை நிமிர்த்திக் கையைப் பார்த்தார். தோள் திரண்டது. விரல்கள் ஒவ்வொன்றாக அல்ல, ஒரேயடியாக மூடின. அஃப்ராஸ் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தான். பிடி இன்னும் இறுகியது. இப்போது அவன் உண்மையாகவே இழுத்தான், கன்னம் சிவக்க. லத்தீப் அந்தக் கையைக் குறுக்காக, முறுக்கி, தன் இடுப்புப் பக்கம் கொண்டுவந்தார். பையன் நிலை தடுமாறி மாமனாரின் முழங்காலடியில் வந்து உட்கார்ந்தான்.

“விடுறார் இல்ல!” என்றான், சிரிப்பும் மூச்சு வாங்கலுமாக.

“விடமாட்டார்” என்றார் லெப்பை. “நீ இழுக்கிற வரைக்கும் விடமாட்டார். சபையிலயும் இப்பிடியே இழு தம்பி. மார்க்கத்துல அதுக்குத் தடையொண்டும் இல்ல.”

ஆண்கள் சிரித்தார்கள். உள்ளே மைமூனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியார்க்காரியிடம், “பாத்தீங்களா, எங்கட தம்பி பொஞ்சாதிட சத்தத்த?” என்றாள். மறு அறையிலிருந்து றிஸ்னா ஓடிவந்து உம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று, திரையை இரண்டு விரலால் விலக்கினாள்.

அஃப்ராஸின் கை இன்னும் லத்தீப்பின் பிடிக்குள் இருந்தது. அதை விடாமலே அவர் பக்கத்தில் இருந்த மூத்த சகோதரரின் பக்கம் திரும்பினார். அத்தாஉல்லாவின் கன்னத்தில் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. லத்தீப்பின் பேச்சு இப்போது குழறவில்லை. கடற்கரையில் இரண்டு வரிசைக்கும் கேட்கிற பழைய குரல் அது, மரியாதைக்காகக் கொஞ்சம் தாழ்த்தி வைத்த குரல்.

“காக்கா, மனசுல ஒண்டும் வச்சுக்கப் படாது. நான் குடுத்தத நானே திருப்பிக் கேக்கிறன். எண்ட மகள எண்ட கையால குடுக்க விடுவீங்களா?”